இ-பேர்டும் மதகுப் படிகளும்

எங்கள் ஊர் ஏரியில் பள்ளிப் பிள்ளைகளோடு பறவை எண்ண ஆரம்பித்தது 2019 பொங்கலுக்கு. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் நாமும் சேரலாமே என்ற ஆசைதான், திட்டம் என்று எதுவும் கிடையாது. அன்று முதல், பார்த்த பறவைகளைப் பதிந்து வைக்கும் இணையதளமான இ-பேர்டைத்தான் பயன்படுத்துகிறோம்.

2002-ல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் தொடங்கியது அது. காசு வாங்குவதில்லை. என்ன பறவை, எத்தனை, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்கும். கடைசியில், அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் பதிந்தீர்களா என்று ஒரு கேள்வி. ஏதோ சடங்குக்குக் கேட்கிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ‘ஆம்’ என்றால்தான் பட்டியலில் இல்லாத பறவையை அன்று யாரும் பார்க்கவில்லை என்று கொள்ள முடியும். பிள்ளைகளோ மீன்கொத்தியை ஓடிவந்து எழுதுவார்கள், காக்கையை விட்டுவிடுவார்கள்.

முதல் வருடப் பட்டியலைத் திறந்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எண்ணாமல் ‘இருந்தது’ என்று மட்டும் சொல்ல எக்ஸ் போடலாம். நாமக்கோழிக்கு எக்ஸ், மடையானுக்கு எக்ஸ், பாதிக்கு மேல் எக்ஸ்தான். அதை வைத்து ஏரியில் பறவை கூடியதா குறைந்ததா என்று எப்படிச் சொல்வது?

அப்புறம்தான், பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு அறிவியல் ஆய்வு செய்வது எப்படி என்ற கார்னெல்காரர்களின் திட்ட வழிகாட்டியைப் படித்தேன். மொத்தம் ஒன்பது படிகள். முதல் படி, அறிவியல் கேள்வி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஆள் சேர்ப்பது நான்காவதாகத்தான் வருகிறது. நாங்கள் ஆள் சேர்த்து, தொப்பியும் வாங்கிவிட்டுக் கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

கேள்வி கடைசியில் ஒரு ஏழாம் வகுப்புப் பெண்ணிடமிருந்து வந்தது: “தண்ணி வத்தினா எந்தப் பறவை முதல்ல போகும் சார்?” சரி, தண்ணீரை எப்படி அளப்பது? மதகுப் படிகளில் எத்தனை வெளியே தெரிகிறது என்று எண்ணினோம். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை 7 மணி, அதே கரை, 30 நிமிடம். படிகள் கூடக் கூட முக்குளிப்பான் குறைந்து, சேற்றில் கொக்கும் நாரையும் கூடுவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

வழக்கத்துக்கு மீறிய எண்ணைப் போட்டால் இ-பேர்டு உடனே உறுதிப்படுத்தச் சொல்கிறது. நத்தைகுத்தி நாரை 40 என்பதை 400 என்று தட்டியபோது அதுதான் காப்பாற்றியது. ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியும் வைத்திருக்கிறோம். பெயர் தெரியாத பூச்சியைப் படமெடுத்துப் போட அருமையானது, கூட்டத்தை எண்ணுவதற்கு அது சரிவராது.

இ-பேர்டில் தண்ணீர் மட்டத்துக்கென்று தனிக் கட்டம் இல்லை. குறிப்புப் பகுதியில்தான் எழுத வேண்டும். மொத்தத் தரவையும் பதிவிறக்கிப் பார்த்தால் ஒருவர் ‘3 படி’, இன்னொருவர் ‘மூணு படி’, வேறொருவர் ‘படி-3’. அதைச் சரிசெய்வதிலேயே ஒரு மே மாத விடுமுறை போயிற்று. இப்போது நோட்டு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: முதலில் எண், அப்புறம் ‘படி’.