துப்பாக்கிச் சுடுதலில் ‘நேரடித் தெரிவு’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

என் தங்கையைத் தேர்வு எதுவுமின்றிச் சர்வதேசப் போட்டிக்கு ‘நேரடித் தெரிவு’ செய்வதாகச் சொல்லிப் பணம் வாங்கிய துப்பாக்கிச் சுடுதல் பயிற்சி நிலையத்தின் தொலைபேசி நேற்று மாலையோடு அடங்கிவிட்டது. ஹற்றனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த என் அம்மாவின் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து 185,000 ரூபாவை இழந்துவிட்டோம்.

என் தங்கை பத்து மீற்றர் எயார் ரைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) பழகுபவள். பயிற்றுநர் என்று சொல்லிக்கொண்டவர் எங்கள் லயத்துக்கே வந்து, அம்மா கொடுத்த தேநீரைக் குடித்து, “தங்கச்சிக்கு அசையாத கை அம்மா, ஆசியப் போட்டிக்கு நான் பொறுப்பு” என்று சொல்லி, ‘600க்கு 571, சர்வதேசத் தகுதி பெற்றார்’ என எழுதிய தாளை அவள் கையில் கொடுத்தபோது அம்மா அழுதுவிட்டார். அன்றிரவே பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

அந்தத் தாளே பொய் என்பதை, உண்மையாகவே போட்டிகளில் சுடும் ஒருவர் பார்த்தவுடன் சொன்னார். எயார் ரைபிள் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கும் புள்ளிகள் தசமத்தில் கணக்கிடப்படும். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9, மொத்தம் 654. 600 என்பது எயார் பிஸ்டலுக்கான உச்சம். அதைவிட முக்கியமானது, ஒலிம்பிக்குக்கான குறைந்தபட்சத் தகுதிப் புள்ளியைச் சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம் ஏற்றுக்கொண்ட போட்டிகளில் எடுத்திருக்க வேண்டும். யாரோ ஒருவரின் கொட்டகையில் எடுத்த புள்ளி எங்கும் செல்லாது. சர்வதேசப் போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பது அந்தந்த நாட்டின் தேசியச் சம்மேளனமே. தனியார் நிலையங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காக எயார் ரைபிள் சுட்ட தெஹானி எகொடவெலவின் படத்தை அந்த நிலையத்தின் விளம்பரத்தில் போட்டிருந்தார்களே, அதைப் பார்த்துத்தானே என் தங்கை நம்பினாள்!

கேட்கத் தொடங்கியதும் முதலில் “கோப்பு கொழும்பில் இருக்கிறது” என்றார்கள், பிறகு “விசா தாமதம்” என்றார்கள், பிறகு “சேர் கூட்டத்தில் இருக்கிறார்” என்று ஒரு பெண் மூன்று வாரமாக ஒரே பதிலைச் சொன்னார். நேரில் போனபோது கதவில் பூட்டு. 185,000 ரூபா, அம்மா மழையிலும் அட்டைக்கடியிலும் சேர்த்த பணம்.

பணம் கேட்டால் முதலில் தேசியச் சம்மேளனத்தில் விசாரியுங்கள். பெயரும் முத்திரையும் இல்லாத பற்றுச்சீட்டை வாங்காதீர்கள். கையில் காசாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

எங்கள் பற்றுச்சீட்டில் ஒரு கையெழுத்து மட்டுமே இருக்கிறது. அதையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு நாளை காலை அம்மாவுடன் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறேன்.