கொம்பு முளைத்த கேடயம்

எங்கள் அலுவலக ஆண்டுவிழாக் குழுவில் பேசத் தெரிந்தவர்களுக்கு மேடை, கணக்குத் தெரிந்தவர்களுக்குப் பணப்பை. இரண்டும் தெரியாத எனக்கு ஷீல்டு வாங்கும் வேலை. ஐந்து வருடமாக நான்தான். இந்த முறை ஓர் இணையக் கடையில் 12 அக்ரிலிக் கேடயங்களுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

பொருள் பரவாயில்லை. நல்ல தடிமன், ஓரமெல்லாம் வழுவழுவென்று தேய்த்திருக்கிறார்கள். லேசரில் பொறித்த எழுத்து பனி படர்ந்தது போல வெள்ளையாக விழுந்திருக்கிறது. நகத்தால் சுரண்டியும் ஒன்றும் ஆகவில்லை. நிறுவனச் சின்னம் மட்டும் கலரில் வேண்டும் என்றதால் மேலே அச்சடித்தார்கள், அதன் ஓரம் அதே நகத்துக்கு உரிந்து வந்தது. பீடம் இலேசு, மேசையில் கை பட்டாலே ஆடுகிறது. வெல்வெட் பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

என் சண்டை டிசைனோடு. தளத்தில் தயாராக வைத்திருக்கும் மாதிரிகள் அத்தனையிலும் கொடுக்கிற நிறுவனத்தின் சின்னம் தலையில், கொட்டை எழுத்தில் பெயர், அதற்குக் கீழே ‘பெருமையுடன் வழங்கும்’. வாங்குகிறவர் பெயர் அடியில் பொடி எழுத்தில். யார் பெருமைக்கு இந்த விழா? உலகக் கோப்பைக் கால்பந்திலும் வென்ற நாட்டின் பெயரைக் கோப்பைக்கு அடியில்தான் பொறிக்கிறார்கள், நிமிர்த்தி வைத்தால் தெரியாது. ஆனால் அதைத் தூக்கியவர்களை ஊருலகமே பார்த்துவிடுகிறது. கணக்குப் பிரிவில் 31 வருடம் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெறுகிறவரை யார் பார்த்தார்கள்? இரண்டு அளவுகளையும் மாற்றிப் போடச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் செய்தார்கள். ‘சின்னம் ரொம்பச் சின்னதாயிடுச்சே’ என்று எங்கள் மேலாளர்தான் முகம் சுளித்தார். ‘பேர்லயே இருக்கே சார்’ என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்தது பெரிய கூத்து. பார்சலைப் பிரித்தால் ஒரு கேடயத்தில் ‘பெருமை’யின் ஒற்றைக்கொம்பு பகரத்தைத் தாண்டிப்போய் ரகரத்துக்கு முன்னால் நிற்கிறது. இணைக்கொம்பு மகரத்துக்குப் பின்னால் அநாதையாக. மற்ற 11ம் சரி. அந்த ஒன்றை மட்டும் வேறொரு கணினியில் போட்டிருக்கிறார்கள், அதன் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. கணினிக்குள் மெய்தான் முதலில், கொம்பு அதன் பிறகு. திரையில் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை.

போன் செய்து கத்தலாம் என்றிருந்தேன். பிறகு ஸ்டான்லி கோப்பை ஞாபகம் வந்தது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சக் கோப்பை அது. 1972இல் பாஸ்டன் அணி வென்றபோது ஊர்ப்பெயரில் இருந்த இரண்டு ‘ஓ’வையும் ‘க்யூ’வாகப் பொறித்துவிட்டார்கள். 1981இல் நியூயார்க் ஐலேண்டர்ஸ் பெயரில் ஓர் எழுத்தையே காணோம். அங்கேயே அப்படி என்றால் என் கேடயம் எம்மாத்திரம். அமைதியாகப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் புதியது வந்தது, பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை. இதற்காகவே ஐந்தில் நான்கு நட்சத்திரம்.

வாங்கப் போகிறவர்கள் தமிழ் வாசகத்தைத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள், படமாக்கி அனுப்புங்கள். பொறிக்கும் முன் சரிபார்க்க அனுப்பும் ப்ரூஃப் வந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று சரியென்றால் எல்லாம் சரியென்று நான் நம்பியது போல நம்ப வேண்டாம். முடிந்தால் பெயரைத் தனித் தகடாகக் கேளுங்கள். ஆஸ்கர் சிலைக்கே பெயர்த்தகடு விழா முடிந்த பிறகுதான் ஏறுகிறது. பிழை வந்தாலும் தகட்டோடு போகும்.

கொம்பு இடம்மாறிய கேடயம் இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் எடுத்து யார் பெயர் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பிழையைக் கண்டுபிடித்தவர் இதுவரை ஒருவர்தான், ஓய்வு பெற்ற அந்தக் கணக்குக்காரர்.