168-லேயே நிற்கும் கடிகாரம்

ஓடும்போது இதயத் துடிப்பை அளந்து பயிற்சி ஆலோசனை சொல்லும் ஒரு கடிகாரத்தின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். மூன்று வருடமாக நான் கட்டிக்கொண்டு ஓடுவதும் அதே மாடல்தான். போன வாரம் பக்கவாட்டுப் பட்டன் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டு, கொடுத்துப் பட்டனை மாற்றி வாங்கி வந்தேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஜிபிஎஸ், பேட்டரி, திரை எதிலும் குறையில்லை. என் சண்டையெல்லாம் அது தரும் பயிற்சி ஆலோசனையோடுதான்.

முதல் நாள் வயதைக் கேட்டது. 44 என்று போட்டேன். 220-ல் 44 போக 176, அதுதான் உன் அதிகபட்ச இதயத் துடிப்பு என்று அதுவே தீர்மானித்துக்கொண்டது. அந்த 220 சூத்திரம் 1970களின் தொடக்கத்தில் உத்தேசமாகப் போட்ட கணக்கு. கூட்டத்தின் சராசரிக்குப் பொருந்தும். தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருப்பது சாதாரணம். 2001-ல் வந்த இன்னொரு சூத்திரம், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-ல் கழிப்பது. அதில் போட்டாலும் எனக்கு 177தான். ஆனால் மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு மேட்டில் உயிரைக் கொடுத்து மூன்று முறை ஏறியபோது 191 வந்தது.

பதினைந்து துடிப்பில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஈஸி ரன், அதாவது சிரமமில்லாத மெதுவான ஓட்டம் என்றால் அதிகபட்சத்தில் 60 முதல் 70 சதவீதம் என்பது இதன் கணக்கு. 176-ஐ வைத்தால் மேல் வரம்பு 123, 191-ஐ வைத்தால் 134. 123-க்குள் நான் ஓடவே முடியாது, வேகமாக நடக்கலாம். ஆறு மாதம் ஒவ்வொரு ஈஸி ரன்னிலும் வேகத்தைக் குறை, குறை என்று மணிக்கட்டில் அதிர்ந்துகொண்டே இருந்தது. செட்டிங்ஸில் நாலு அடுக்கு உள்ளே போனால் அந்த எண்ணை மாற்றலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மாற்றினேன். அதோடு தொல்லை தீர்ந்ததா என்றால், இல்லை. அடுத்தது கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கை. கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் அடித்து, ரத்தம் வந்து போவதால் திரும்பும் ஒளி கூடிக் குறைவதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. கால் தரையில் விழும் அதிர்வும் கை வீச்சும் அதிலேயே கலந்துவிடும். நிமிடத்துக்கு 168 அடி வைக்கிறேன் என்றால் இதயமும் 168 என்று எழுதிவிடும். ஒரு நாள் நண்பனோடு கதை பேசிக்கொண்டே எட்டுக் கிலோமீட்டர் ஓடினேன். மூச்சு வாங்கவில்லை. மார்புப் பட்டை 131 என்றது. கடிகாரம் கடைசிவரை 168-லேயே நின்றது. முடித்ததும் கடும் உழைப்பு, 72 மணி நேரம் ஓய்வு தேவை என்று ஒரு தீர்ப்பு வேறு. கடிகாரத்தின் பட்டையை இறுக்கிப் பார்த்தேன், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றிக் கட்டினேன், உடம்பு சூடேறும்வரை நடந்துவிட்டு ஓடினேன். பாதி நாள் சரியாகும். மீதிப் பாதி நாள் மறுபடி அதே 168.

இப்போது நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். மெதுவாக ஓட எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தச் சனியன்தான். அதற்கு முன் எல்லா ஓட்டமும் ஒரே வேகம்: ஈஸிக்கு அதிகம், பயிற்சிக்குக் குறைவு. வருடத்துக்கு இரண்டு முறை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வரம்பை 134-ல் வைத்து மார்புப் பட்டையோடு இணைத்தபின், அதிர்ந்தால் வேகத்தைக் குறைப்பது என்று வைத்துக்கொண்டேன். முதல் மாதம் கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். பக்கத்தில் வேக நடை போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஐந்தாவது மாதம் அதே 134-ல் ஏழே கால் நிமிடம். அந்த வருடம் கெண்டைக்கால் ஒரு நாளும் பிடிக்கவில்லை. முதல் அரை மாராத்தானையும் கடைசி மூன்று கிலோமீட்டர் நடக்காமல் முடித்தேன்.

ஆக, வாங்கலாமா? வேண்டாம். எனக்கு உதவியது அந்த ஒரு அதிர்வு. அது சாதாரண மாடலிலும் உண்டு, கூடவே ஒரு மார்புப் பட்டை வாங்கினால் போதும். அதுவும் வேண்டாமென்றால், ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா என்று பார். அதற்கு சார்ஜ் போட வேண்டியதில்லை, பட்டனும் சிக்காது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியென்றால் உன்னுடையதை எனக்குத் தள்ளிவிடு என்றான். பட்டன் இப்போதுதான் மாற்றியிருக்கிறேன், இன்னும் இரண்டு வருடம் தாங்கும், தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.