பஞ்சருக்கு வந்த இரவல் சக்கரம்: மெக்கானிக்குக்கு முழு மார்க், அலுவலகத்துக்குப் பாதிதான்

வழியில் டயர் போனால் ஆளை அனுப்பி, இரவல் சக்கரமும் மாட்டிவிடும் சாலையோர உதவிச் சேவை தேவையா என்று கேட்டால் தேவை என்றுதான் சொல்வேன், அதுவும் உங்கள் காரில் ஸ்டெப்னி இல்லை என்றால் கண்டிப்பாகத் தேவை. இப்போது வரும் பல கார்களில், முக்கியமாக ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில், டிக்கிக்கு அடியில் ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரசரும் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் பசை ஒரு பாட்டிலும்தான் வைத்துக் கொடுக்கிறார்கள். எடை குறையும், பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆணி குத்தினால் அந்த பாட்டிலே போதும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது அடைப்பது டயரின் தரையில் படும் பகுதியில் இருக்கும் சின்ன ஓட்டையை மட்டும்தான், சுமார் 6 மில்லிமீட்டர் வரை. எனக்கு நடந்தது வேறு. உடைந்து துருத்திக்கொண்டிருந்த ஒரு கான்கிரீட் விளிம்பு முன்பக்க இடது டயரின் பக்கவாட்டை விரல் நுழையும் அளவுக்குக் கிழித்துவிட்டது. சைடுவால் கிழிந்தால் சீலன்ட்டும் நிற்காது, பஞ்சர் ஒட்டவும் முடியாது, டயரையே மாற்ற வேண்டியதுதான். அந்த நேரத்தில் டயர் கடைகளும் மூடியிருந்தன.

இந்த நிலையில் உதவிக்குக் கூப்பிட்டால் பொதுவாக இரண்டு வழிதான் சொல்வார்கள். ஒன்று, வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்பில் விடுவது, அப்புறம் நீங்கள் வீடு போக வேறு வண்டி பிடிப்பது. இன்னொன்று, ஒரு சக்கரத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார்கள், உங்கள் டயரைச் சரி செய்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் சாலையோர உதவித் திட்டத்தில் இரண்டுமே இருந்தன, நான் சக்கரத்தைக் கேட்டேன். பெரியவர்களும் மூட்டை முடிச்சும் கூட இருக்கும்போது வண்டியைப் பிரிந்து போகாமல் அதிலேயே வீடு போய்ச் சேர்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சாலையோரம் நின்றவர்களுக்குத் தெரியும்.

போனை எடுத்த பெண் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார்: சக்கரத்தில் லாக் நட் (திருட்டைத் தடுக்க, தனிச் சாவியால் மட்டும் கழலும் நட்) இருக்கிறதா, இருந்தால் அதைக் கழற்றும் சாவி கையில் இருக்கிறதா? இது அருமையான கேள்வி. அந்தச் சாவி இல்லாவிட்டால் வருகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சக்கரத்தைக் கழற்றுவதற்குள் படாதபாடு பட வேண்டும். உங்கள் காரில் அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டியிலோ டூல்ஸ் பையிலோ கிடக்கும். ஆனால் வண்டி எந்த டிரைவ் (எஞ்சின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறது), பிரேக் பெரிய சைஸா என்றெல்லாம் போனில் கேட்கவே இல்லை. அதை வந்தவர்தான் கேட்டார், அதுவும் சக்கரத்தை வேனிலிருந்து இறக்குவதற்கு முன்பே.

நாலு சக்கர டிரைவ் வண்டியா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் விட்டத்தில் சிறியதாக இருந்தால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும், அந்த வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) ஓயாமல் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும், சூடேறிக் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. அது பெரிய செலவு. என்னுடையது முன் சக்கர டிரைவ் என்றதும், அப்படியானால் இதை முன்னால் மாட்ட மாட்டேன் என்றார். பின் சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டு, இரவல் சக்கரத்தைப் பின்னால் போட்டார். வேலை இரண்டு மடங்கு, ஜாக்கியும் இரண்டு தடவை போட வேண்டும். யாரும் கேட்காமல் அவராகவே செய்தார். இழுப்பதும் திருப்புவதும் பெரும்பாலும் பிரேக் பிடிப்பதும் முன் சக்கரங்கள்தான், அங்கே முழு அளவு டயர்தான் இருக்க வேண்டும் என்று விளக்கமும் சொன்னார். ஒரு வேலையாளை மதிப்பிட எனக்கு இது போதும்.

அந்தச் சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் அருகில் நின்று பார்த்தது அதைத்தான். எந்தக் கார் வந்தாலும் பொருந்த வேண்டும் என்று செய்யப்பட்ட, வழக்கமானதைவிட ஒல்லியான சக்கரம் அது. கார்களில் நட்டுத் துளைகள் ஒரே மாதிரி இருக்காது. நாலு துளை உள்ள வண்டி உண்டு, ஐந்து துளை உள்ள வண்டி உண்டு, ஐந்திலேயே துளைகள் அமையும் வட்டத்தின் விட்டம் 108, 112, 114.3, 120 மில்லிமீட்டர் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 112-க்கும் 114.3-க்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் திணித்து இறுக்கினால் போல்ட் சாய்ந்து உட்காரும், ஓடும்போது தளரும். இந்தச் சக்கரத்தில் துளைகளை நீளவாக்கில் வெட்டி, ஒவ்வொன்றிலும் உள்ளும் வெளியும் நகரும் ஒரு இரும்புத் துண்டு வைத்திருந்தார்கள். மெக்கானிக் அவற்றைக் கையால் நகர்த்தி என் வண்டியின் அளவுக்குச் சரியாக நிறுத்தினார். என் போல்ட்டுகளைப் பயன்படுத்தவில்லை, இந்தச் சக்கரத்துக்கென்றே கொண்டுவந்த போல்ட்டுகளைப் போட்டார். தலைப்பகுதி சில போல்ட்டுகளில் கூம்பாக இருக்கும், சிலவற்றில் உருண்டையாக இருக்கும், சக்கரத்தில் உள்ள பள்ளத்துக்கு எது பொருந்துகிறதோ அதைத்தான் போட வேண்டும். என்னுடையவற்றை ஒரு கவரில் போட்டு, பத்திரம், புது டயர் மாட்டும்போது இவை வேண்டும் என்று என் கையில் கொடுத்தார்.

மாட்டியதும் வண்டியை இறக்குவதற்கு முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் பிடிப்பானான காலிப்பரில் உரசுகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். அப்புறம் வண்டியை இறக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் இறுக்கினார். ஏர் கன்னைக் கடைசி இறுக்கத்துக்குத் தொடவே இல்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

டயரின் வயதையும் பார்த்தேன், இரவல் வாங்குகிற எல்லோரும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்க எண் இருக்கும், 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. எனக்கு வந்தது பழசு இல்லை, வெடிப்பும் இல்லை. காற்று 60 பிஎஸ்ஐ. கதவோரத்தில் என் வண்டிக்கு 33 என்றுதான் போட்டிருக்கும், ஆனால் இந்த மாதிரி ஒல்லி டயருக்கு அதன் மேலேயே அச்சிட்டிருக்கும் அளவுதான் கணக்கு, அதைத்தான் அவர் கேஜ் வைத்துப் பார்த்து நிரப்பினார்.

இனி ஓட்டிய அனுபவம். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சக்கரத்திலேயே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், மனசிருந்தாலும் அதற்கு மேல் ஓட்டத் தோன்றாது. நேராகப் போகும்போது பெரிய வித்தியாசம் இல்லை, சாலைச் சத்தம் மட்டும் கூடுதலாகக் கேட்டது. வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் லேசாக விலகுவது போல இருக்கும். ஈரமான சாலையில் பிரேக்கை நிதானமாகத்தான் பிடிக்க வேண்டும், தரையில் படும் ரப்பர் குறைவு இல்லையா. டேஷ்போர்டில் டயர் காற்று எச்சரிக்கை விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டு அப்படியே எரிந்துகொண்டிருந்தது, இரவல் சக்கரத்தில் சென்சார் இல்லாததால் அப்படித்தான் எரியும். அந்த விளக்கு எரியும்வரை மற்ற மூன்று டயர்களில் காற்று இறங்கினாலும் வண்டி சொல்லாது, நாம்தான் பார்க்க வேண்டும். 50 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார், பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் செய்துகொண்டேன். அதில் ஒன்று கொஞ்சம் சுற்றத்தான் செய்தது.

டிக்கியில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுவது ஒல்லிச் சக்கரம், கழற்றிக் கொண்டுபோக வேண்டியதோ முழு அளவுச் சக்கரம், அதுவும் சேறும் கரியும் பூசிக்கொண்டு. பெட்டிகள் எல்லாம் பின் சீட்டில் இருந்தவர்களின் மடிக்கு வந்துவிட்டன.

இதுவரை எல்லாமே பாராட்டு. இனி அலுவலகத்தைப் பற்றி. சக்கரம் கொடுக்கும்போது கார்டில் டெபாசிட் பிடிப்பார்கள் என்று போனில் யாரும் சொல்லவில்லை, மெக்கானிக் மெஷினை நீட்டும்போதுதான் தெரிந்தது. அது கூடப் பரவாயில்லை, விலையுள்ள பொருள், கேட்பது நியாயம். எத்தனை நாளுக்குள் திருப்ப வேண்டும், எங்கே திருப்ப வேண்டும், அந்த இடம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதெல்லாம் கையெழுத்து வாங்கிய தாளின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்தது. இருட்டில், சாலையோரத்தில், வீட்டுக்குப் போனால் போதும் என்று நிற்பவரிடம் அதை நீட்டுவது முறையே இல்லை. கூப்பிட்ட உடனே ஒரு மெசேஜில் நாலு வரி அனுப்பினால் தீர்ந்தது.

என் டயர் அளவு கடையில் கையிருப்பு இல்லை, வரவழைக்க வேண்டும் என்றார்கள். பெரிய ரிம் உள்ள வண்டிகளுக்கு இது சகஜம். கெடு முடிவதற்கு முன்பே போன் செய்து நீட்டிப்புக் கேட்டேன். ஒருவர் இன்னொரு எண்ணைக் கொடுத்தார், அந்த எண்ணில் இருந்தவர் பழைய எண்ணையே கொடுத்தார், கடைசியில் ஒருவர் குறித்துக்கொண்டேன், கவலைப்படாதீர்கள் என்றார். திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. தாமதக் கட்டணம் போட்டே தீருவேன் என்றார் கவுன்டரில் இருந்தவர். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கீறல் தேடியவருக்கு, நான் பேசிய தேதியும் நேரமும் காட்டிய போன் பதிவைப் பார்க்க மனம் வரவில்லை. எனக்கு இங்கேதான் கோபம். டயர் கிடைக்காமல் போவது வாடிக்கையாளர் கையில் இல்லை. கடையின் ஆர்டர் ரசீதைக் காட்டினால் கெடுவைத் தானாகவே நீட்டும் ஒரு விதி இருந்தாலே போதும், யாரும் வேண்டுமென்றே 80-க்குள் ஓட்டிக்கொண்டு ஒல்லிச் சக்கரத்தோடு ஊர் சுற்றப் போவதில்லை.

சக்கரத்தை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள், ரிம்மின் விளிம்பு தெளிவாகத் தெரியட்டும். நான் எடுத்திருந்ததால்தான் கீறல் பேச்சு அங்கேயே நின்றது. நீட்டிப்பை போனில் மட்டும் கேட்காமல் எழுத்திலும் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். திட்டத்தைப் புதுப்பிக்கப் போகிறேன், அந்த மெக்கானிக் மாதிரி ஆட்கள் அங்கே இருக்கும்வரை. டெபாசிட் தாமதக் கட்டணம் போக மீதி வந்துசேர்ந்தது, அந்தக் கட்டணத்தைப் பற்றி போன் பதிவையும் டயர் கடை ரசீதையும் இணைத்து நான் எழுதிய புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை.