‘முழுக்க எவர்சில்வர்’ என்று விற்ற எம்ஜிபி சைலன்சர்: பணம் கட்டும் முன் கவனிக்க

‘304 ஸ்டெயின்லெஸ், முழு செட், 1962 முதல் 1980 வரை எல்லா எம்ஜிபிக்கும் பொருந்தும்.’ எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு எக்ஸாஸ்ட் தேடுபவர்கள் கண்ணில் இப்படி ஒரு வரி பட்டால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். 1972 மாடல் ரோட்ஸ்டர் ஒன்றுக்காக இங்கிலாந்தில் இணையம் வழியே வாங்கிய செட்டில் அந்த ஒரு வரிக்குள்ளேயே இரண்டு பொய் இருந்தது. விற்றவர் பெயர் இங்கே தேவையில்லை. பெட்டிக்குள் என்ன வந்தது, எங்கே இடித்தது, ஏன் திருப்பி அனுப்ப முடியாமல் போனது என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்தவர் தப்பிக்கலாம்.

முதல் பொய், ‘எல்லா எம்ஜிபிக்கும்’ என்பது. ஆபிங்டன் தொழிற்சாலையில் 18 ஆண்டுகள் தயாரான கார் இது. 1974 இலையுதிர் காலத்தில் குரோம் பம்பர் போய் ரப்பர் பம்பர் வந்தபோது காரின் உயரமே ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் கூடியது. 70களின் நடுவில் அமெரிக்காவுக்குப் போன கார்களில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் போய் ஒற்றை ஸ்ட்ரோம்பெர்க் வந்தது, இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டே வேறானது, சிலவற்றில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சேர்ந்தது. ஜிடி வி8, ஆறு சிலிண்டர் எம்ஜிசி ஆகியவை வெளியே ஒரே முகமாகத் தெரிந்தாலும் எக்ஸாஸ்டில் தனித்தனிக் குடும்பம். ஆகவே ஆண்டை மட்டும் கேட்டுவிட்டு, சேசிஸ் எண்ணையோ, எந்த மேனிஃபோல்ட் இருக்கிறது என்பதையோ, ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதையோ கேட்காமல் பில் போடுகிறவரிடம் வாங்காதீர்கள். பி-சீரிஸ் இன்ஜினில் மேனிஃபோல்ட் இடப்பக்கம். இடப்பக்க ஸ்டியரிங் காரில் ஸ்டியரிங் தண்டும் அதே பக்கம்தான் இறங்குகிறது. வார்ப்பிரும்புக்குப் பதில் குழாய்களால் செய்த தடிமனான டியூபுலர் மேனிஃபோல்ட் வாங்கினால் இரண்டும் உரசுமா என்று முதலில் அளந்து பாருங்கள்.

இரண்டாவது பொய்தான் பெரியது. நம் வீட்டுப் பெண்கள் எவர்சில்வர் பாத்திரக் கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அதே சோதனைதான். 304 என்பது ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல் சேர்ந்த எஃகு, காந்தம் ஒட்டாது. 409 என்பதில் குரோமியம் 11 விழுக்காடு அளவில்தான், நிக்கல் பெயரளவுக்கு, காந்தம் நன்றாக ஒட்டும். வந்த செட்டில் குழாய்களில் காந்தம் ஒட்டவில்லை. இரண்டு சைலன்சர் பெட்டிகளின் உறையிலும் ‘டக்’கென்று ஒட்டியது. நூலில் சின்னக் காந்தத்தைக் கட்டி வால்குழாய் வழியே உள்ளே விட்டபோது உட்தகடுகளிலும் ஒட்டியது. கிளாம்ப்களோ துத்தநாக முலாம் பூசிய சாதா இரும்பு. ‘முழுக்க 304’ என்பதில் 304 ஆக இருந்தது குழாய் மட்டும்.

இதில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 409 மட்டமான சரக்கு அல்ல. கார் கம்பெனிகளே அதைத்தான் பரவலாகப் பயன்படுத்துகின்றன. மேலே துருநிறம் ஏறினாலும் எளிதில் ஓட்டை விழாது. 409 என்று சொல்லி 409 விலைக்கு விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 304 விலை வாங்கிக்கொண்டு 409 தருவதும், உறைக்குள் சாதா இரும்புத் தகட்டை ஒளிப்பதும்தான் மோசடி.

காந்தச் சோதனையை முழுதாக நம்பவும் கூடாது. 304 குழாயை வளைத்த இடத்தில் லேசாகக் காந்தம் பிடிக்கும், அது இயல்பு. நேரான பகுதியில்தான் பார்க்க வேண்டும். மாறாக, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் பனிக்காலத்தில் உப்புத் தூவும் சாலையில் அது 304 போலத் தாங்காது. எனவே குழாய், பெட்டி உறை, உள் தகடு, துளையிட்ட உட்குழாய் என்று நான்குக்கும் தனித்தனியாகத் தரம் எழுதித் தரச் சொல்லுங்கள். கனத்தையும் கேளுங்கள். 1.5 மில்லிமீட்டர் குழாய்க்கும் 1.2 மில்லிமீட்டர் குழாய்க்கும் விலை மட்டுமல்ல, ஒலியும் வேறு. மெல்லிய எவர்சில்வர் தகர டப்பா போல ஒலிக்கும்.

சைலன்சர் ஏன் உள்ளிருந்து சாகிறது என்று தெரிந்தால், உள் தகட்டுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது புரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நெடும்பயணத்தில் அது ஆவியாகவே வெளியே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மைல் ஓடிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பும் பழைய காரில், பின் பெட்டி சூடேறும் முன்பே இன்ஜின் அணைக்கப்படுகிறது. அமிலம் கலந்த தண்ணீர் பெட்டியின் அடியில் தேங்கி நிற்கிறது. வெளியுறை பளபளவென்று இருக்க, உள்ளே தகடு கரைந்து கலகலவென்று ஆடத் தொடங்கும். நல்ல பெட்டியில் அடிப்பக்கம் தாழ்ந்த முனையில் 2, 3 மில்லிமீட்டர் அளவில் நீர் வடியும் துளை இருக்கும். இந்தப் பெட்டிகளில் அதுவும் இல்லை.

அடுத்தது அளவு. எம்ஜிபி அங்குலக் கணக்கில் பிறந்த கார். இந்த செட்டில் பாதி அங்குலம், பாதி மில்லிமீட்டர். ஒன்றேமுக்கால் அங்குலக் குழாய் 44.45 மில்லிமீட்டர், அதைச் செருக வேண்டிய வாய் 45க்குச் சற்று மேல். கேட்டால் அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அந்த இடைவெளியை மூட யூ-கிளாம்பை நெரித்தே முறுக்க வேண்டியிருக்கிறது. குழாய் நசுங்கிப் பள்ளம் விழுகிறது, அதன்பின் அறுக்காமல் கழற்ற முடியாது. அப்படியும் புகை கசிந்தது. செருகும் வாயில் நீளவாட்டில் பிளவு வெட்டியிருக்க வேண்டும், குழாய் குறைந்தது 40 மில்லிமீட்டராவது உள்ளே போக வேண்டும். யூ-கிளாம்பை விட அகலப் பட்டைக் கிளாம்ப் நல்லது, அது குழாயை நசுக்காது.

மிக ஆபத்தான குறை முன்பக்கம். மேனிஃபோல்டிலிருந்து இறங்கும் இரட்டைக் குழாய்கள் ஒன்றோடொன்று வெல்டு செய்யப்பட்ட இடைவெளி சில மில்லிமீட்டர் பிசகியிருந்தது. ஒன்றைப் பொருத்தினால் மற்றது ஸ்டட்டில் (நட்டு முறுக்கும் திருகுக் கம்பியில்) ஏறவில்லை. இந்த நிலையில் நெம்பி இழுத்து நட்டை முறுக்குவதுதான் பலரும் செய்வது. தயவுசெய்து செய்யாதீர்கள். 304 எஃகு சூட்டில் அதிகம் நீளும்: ஒரு மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் சாதா இரும்பு மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கும், 304 ஐந்து மில்லிமீட்டருக்கு மேலும் நீளும். ஏற்கெனவே இழுத்துக் கட்டிய குழாய் ஒவ்வொரு பயணத்திலும் மேனிஃபோல்டைப் பிடித்து நெம்பும். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்தான் விடும். ஸ்டட் முறிந்தால் துளையிட்டு எடுப்பது அரைநாள் வேலை. குழாய் கையால் தள்ளியே உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அது வெல்டரின் தவறு, அங்கேயே நிறுத்திப் படம் எடுத்துவிடுங்கள்.

டியூபுலர் மேனிஃபோல்டும் சேர்த்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று. எம்ஜிபியில் கலவை உள்ளே போகும் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒரே கேஸ்கெட். சில ஸ்டட்களில் ஒரே தடித்த வாஷர் இரண்டின் ஃப்ளேஞ்ச்களையும் (இணைப்புத் தட்டை விளிம்புகளையும்) சேர்த்து அழுத்துகிறது. புது மேனிஃபோல்டின் ஃப்ளேஞ்ச் கனம் இன்லெட்டின் கனத்துக்குச் சமமாக இல்லாவிட்டால் வாஷர் சாய்ந்து ஒரு பக்கத்தை மட்டும் பிடிக்கும். மறுபக்கம் காற்று இழுக்கும் அல்லது புகை ஊதும். வெர்னியரால் இரண்டையும் அளந்துவிட்டுத்தான் கையே வைக்க வேண்டும். நட்டுகளுக்கு 15 பவுண்டு-அடி முறுக்கு போதும், கசிகிறதே என்று மேலே முறுக்கினால் ஸ்டட்தான் போகும். சாலையில் ஓட்டும் சாதாரண 1798 சிசி இன்ஜினுக்கு, விரிசல் இல்லாத பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே போதும். அது நன்றாக வடிவமைத்த பொருள். கேம், கார்புரேட்டர், ஹெட் எதையும் தொடாமல் சைலன்சரை மட்டும் மாற்றினால் குதிரைத்திறன் கூடும் என்று எண்ணிக்கை சொல்லி விற்பவரிடம், இன்ஜின் சக்தியை அளந்த டைனோ தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

‘ஸ்போர்ட்ஸ்’ செட் என்றால் பெரும்பாலும் நேர்வழிச் சைலன்சர்: துளையிட்ட குழாய், அதைச் சுற்றி கண்ணாடி இழைப் பஞ்சு. புதிதில் இனிமையாக இருக்கும். பஞ்சு எரிந்து பறந்ததும் நெடுஞ்சாலை வேகத்தில் காதுக்குள் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் நிற்காது. கூரை மூடிய ஜிடியில் இது தலைவலி தரும் அளவுக்குப் போகும். வாங்கிய செட்டின் ‘ஆயுள் உத்தரவாத’த் தாளைப் படித்தால் பஞ்சு அதில் சேராது, கூலி சேராது, உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும், காரை விற்றால் செல்லாது. வெளியுறையில் துரு விழுந்து ஓட்டையானால் மட்டும்தான் மாற்றித் தருவார்களாம். முதலில் சாவது உள்பக்கம் என்று அவர்களுக்கும் தெரியும்.

முன் பெட்டி பழையதை விடப் பருமன். குரோம் பம்பர் காரே தாழ்வானது. வேகத்தடையில் முதலில் இடிப்பது அந்தப் பெட்டிதான். பெட்டியின் நீள அகலத்தையும் மையக்குழாயிலிருந்து அடிப்பக்கம் எவ்வளவு தொங்குகிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும்போது முன்பிருந்து பின்னாக எல்லாவற்றையும் தளர்வாக மாட்டுங்கள், எதையும் முறுக்காதீர்கள். தாங்கிகளில் பழைய ரப்பரைத் திரும்பப் போட வேண்டாம். காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போது ஒருமுறை, பாடியைத் தூக்கி அச்சுத்தண்டு தொங்கும்போது ஒருமுறை இடைவெளி பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வைத்த பிறகுதான் படுக்க வேண்டும். வால்குழாய் பாடியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீள வேண்டும். உள்ளடங்கி நின்றால் ஓடும்போது காருக்குப் பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுத்துவரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. முதலில் மேனிஃபோல்டின் பித்தளை நட்டுகளைச் சமமாக, மாற்றி மாற்றி முறுக்கியபின் பின்னோக்கி வாருங்கள். எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டு போட்டால் ஆன்டி-சீஸ் பசை தடவாமல் முறுக்கக் கூடாது, இரண்டும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கசிவு பார்க்க, குளிர்ந்த இன்ஜினை ஐடிலில் விட்டுத் தடித்த துணியால் வால்குழாயைச் சில நொடி அடையுங்கள். இணைப்புகளில் ‘ஸ்ஸ்’ என்று கேட்டால் அங்கே கசிவு. ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னால் பட் பட்டென்று வெடித்தாலும் இணைப்பில் காற்று புகுகிறது என்று சந்தேகியுங்கள். கசிவில்லை, ஆனாலும் வெடிக்கிறது என்றால் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். புகை தடையின்றிப் போகத் தொடங்கினால் எஸ்யூ கார்புரேட்டர் தரும் கலவையில் பெட்ரோல் குறைந்து போகலாம்.

இனி பணம் திரும்பக் கிடைக்காமல் போன கதை. குறைகள் எல்லாம் தெரிந்தும், காரை நகர்த்த வேண்டியிருந்ததால் தற்காலிகமாக மாட்டி ஓட்டியாகிவிட்டது. எவர்சில்வர் ஒருமுறை சூடேறினால் பொன்னிறம் படரும், அதை மறைக்க வழியில்லை. ‘பயன்படுத்திய பொருள், ஏற்க முடியாது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. பிரிட்டனில் கடையிடம் இணையம் வழியே வாங்கினால், பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். சொன்ன தரத்தில் இல்லாத பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஓட்டிப் பார்த்த பிறகு குறையை நிரூபிக்கும் வாதம்தான் நீள்கிறது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்குக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமே கேட்கலாம், டெபிட் கார்டுக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. தனியாரிடம் வாங்கினால் 14 நாள், 30 நாள் எதுவும் பொருந்தாது.

இன்னொன்று: 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத 40 ஆண்டு கடந்த கார்களுக்கு அங்கே வருடாந்தர எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. முன்பு கசியும் சைலன்சரைச் சோதனையாளர் பிடித்துவிடுவார். இப்போது யாரும் பார்ப்பதில்லை. விலக்கு பெற்ற காரையும் விருப்பப்பட்டால் எம்ஓடிக்கு விடலாம். எக்ஸாஸ்ட் மாற்றிய ஆண்டில் விட்டுப் பார்ப்பது நல்லது.

கார் அதிகம் ஓடாது, கையில் பணம் குறைவு என்றால், பெயர் தெரியாத மலிவு எவர்சில்வரை விட நல்ல அலுமினைஸ்டு ஸ்டீல் (அலுமினிய முலாம் பூசிய எஃகு) செட் மேல். அதன் பலவீனம் வெல்டு தையலில் முலாம் எரிந்திருப்பதுதான். அங்கே மட்டும் வெப்பம் தாங்கும் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்.

பழைய சைலன்சரைப் புதியது முழுதாகப் பொருந்தும் வரை தூக்கிப் போடாதீர்கள். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, ஃப்ளேஞ்ச் இடைவெளி, வளைவு, தாங்கிகளின் இடம், பெட்டியின் அடிப்பக்கம் ஆகியவற்றை டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். குழாய் சூடேறும் முன் எடுத்த அந்தப் படங்களும், காந்தம் ஒட்டி நிற்கும் படமும்தான் கடைக்காரரிடமும் வங்கியிடமும் காட்ட உங்களிடம் இருக்கும் ஆதாரம்.