கொடிகாமம் ரயிலுக்கு ஊர்ப் பஸ்: இரண்டு வருட அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்கே உள்ள வடமராட்சிக்கு ரயில் பாதை ஒருபோதும் வந்ததில்லை. 1905இல் யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைத்த பாதை தென்மராட்சி வழியே நகருக்குள் வந்து, அங்கிருந்து வலிகாமம் ஊடாகக் காங்கேசன்துறைக்குத் திரும்பிவிட்டது. ஆகையால் பருத்தித்துறை, நெல்லியடிப் பக்கத்தவர்களுக்கு ரயில் என்றால் கொடிகாமம். கொடிகாமம் என்றால் அதற்கு முன் வரணி வழியாக ஒரு பஸ். ஒரு காலத்தில் இந்த வீதியில் மரத்தட்டி பொருத்திய தட்டிவான்கள் ஆட்களையும் மரக்கறி மூட்டைகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கொடிகாமம் சந்தைக்குப் போய்வந்தன. இன்று அந்த வேலையைச் செய்கின்ற ஊர்ப் பஸ், ரயில் பயணிக்கு எந்த அளவுக்கு உதவுகிறது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் மகள் வீட்டுக்கு மாதம் ஒரு முறையாவது போய்வருபவன் நான். 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்ரோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தபோது, இனிப் பஸ்ஸில் முதுகு நோக வேண்டியதில்லை என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் 2023இல் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையிலும், 2024இல் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையிலும் பாதையைத் திருத்துவதற்காக மூடினார்கள். இரண்டு முறையும் கொழும்புக்கு நேரே போகும் ரயில் பல மாதங்களுக்கு இல்லாமற்போயிற்று. அந்த மாதங்களில் ஊர்ப் பஸ்ஸில் கொடிகாமம் சந்திக்கு வந்து, ஏ9 வீதியோரத்தில் பைகளோடு நின்று, யாழ்ப்பாணத்திலேயே நிரம்பி வருகின்ற கொழும்புப் பஸ்களுக்குக் கை காட்டிக் கை காட்டிக் களைத்திருக்கிறேன். பாதை திறந்த பிறகும் ரயில் ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் போய்விடுகிறது. ஒற்றைப் பாதையில் ஓடும் ரயில் அப்படித்தான். அதனால் ரயிலைப் பிடித்துத் தருகின்ற அந்தப் பஸ்ஸின் நேரந்தான் என் பயணம் முழுவதையும் தீர்மானிக்கிறது.

பருத்தித்துறையிலிருந்து நேரே கொழும்புக்கு இரவுப் பஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, இளையவர்களுக்கு அது போதும். எழுந்து நடக்கவும் கழிப்பறைக்குப் போகவும் முடிகின்ற வண்டியை இந்த வயதில் நான் விடமாட்டேன். யாழ்ப்பாணம் நிலையத்துக்கே போய் ஏறலாமே என்பதும் நியாயமான கேள்விதான். முன்பதிவு இல்லாமல் மூன்றாம் வகுப்பில் போகிறவர்கள் அப்படிச் செய்வதே நல்லது, கொடிகாமத்துக்கு வரும்போது யன்னலோர இருக்கைகள் எல்லாம் போய்விடும். இருக்கையைப் பதிவுசெய்து வைத்திருப்பவர், தெற்கே போவதற்காக முதலில் மேற்கே நகருக்குப் போய் ஒரு மணித்தியாலத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

இனிப் பஸ்ஸைப் பற்றி. நெல்லியடியிலிருந்து கொடிகாமத்துக்கு எனக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கிறது; காலையில் மாணவர்களும் சந்தைக்குப் போகும் பெண்களும் ஏறி இறங்குவதனால் ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வதே புத்தி. பொதிகளைப் பொறுத்தவரை இந்தப் பஸ்ஸுக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பேன். சாரதிக்குப் பின்னால் உள்ள இடத்தில் என் பயணப் பையும், அதற்கு மேலே யாரோ ஒருவருடைய முருங்கைக்காய்க் கட்டும், பக்கத்தில் ஒரு கடகமும் இருக்கும். எது எந்தத் தரிப்பிடத்தில் இறங்க வேண்டும் என்பது நடத்துனருக்குத் தெரியும். மகளுக்குக் கொண்டுபோகும் மாம்பழப் பெட்டியை ஒரு முறைகூட அவர் சரித்து வைத்ததில்லை. மாரியில் கடல்நீரேரி வெளியைக் கடக்கும்போது இருபுறமும் தண்ணீர், எதிர்க்காற்று, மூடாத யன்னல் ஒன்று கட்டாயம் இருக்கும். பையின் மேல் ஒரு பொலித்தீன் உறை போட்டுக்கொண்டால் கவலையில்லை.

குறை இருப்பது நேரத்தில். ரயில் வரும் நேரத்துக்கும் பஸ் புறப்படும் நேரத்துக்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை. பஸ்ஸின் நேரம் எந்தத் தரிப்பிடத்திலும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. ஊரார் மனத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள் நான் நம்பியிருந்த காலைப் பஸ் வரவே இல்லை. அடுத்ததில் ஏறிக் கொடிகாமத்தில் இறங்கி, நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனபோது ரயிலின் கடைசிப் பெட்டி மீசாலைப் பக்கமிருந்து வந்து நின்று புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. பதிவுசெய்த இருக்கை வெறுமையாக வவுனியாவைத் தாண்டியிருக்கும். அடுத்த வாரம் நடத்துனரிடம் முறையிட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. பயணச்சீட்டு ஒன்றின் பின்புறத்தில் மூன்று நேரங்களை எழுதி, நடுவில் இருந்ததைச் சுற்றி வட்டமிட்டுத் தந்தார். “ஐயா, இது பள்ளிக்கூட நாளில மட்டுந்தான் ஓடும். லீவு விட்டா இதை நம்பி வெளிக்கிடாதேங்கோ.” நான் நின்ற நாள் தவணை விடுமுறையின் முதலாம் நாள்.

இந்த ஒரு தகவல் தெரிந்த பிறகு, போகும் பயணத்தில் நான் ரயிலைத் தவறவிட்டதில்லை. ரயில் நேரத்துக்கு முந்திய பஸ் அல்ல, அதற்கும் முந்திய பஸ் என்பது என் கணக்கு. மிஞ்சுகின்ற நேரத்தைச் சந்தையடியில் ஒரு பிளேன்ரீயோடு கழிக்கலாம். சில்லறைக் காசு வைத்திருங்கள். விடியற்காலையில் பெரிய தாளை நீட்டினால் மிச்சம் இறங்கும்போதுதான் கிடைக்கும், இறங்கும் அவசரத்தில் மறந்தும் போகும்.

திரும்பி வருவதற்கு இந்தச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரயில் தாமதமாகி இருட்டிய பின் வந்து சேர்ந்தால், நெல்லியடிப் பக்கம் போகும் கடைசிப் பஸ் போயிருக்கும். இரண்டு முறை அப்படி நின்றேன். ஒரு முறை வரணி போகும் இன்னொரு குடும்பத்தோடு முச்சக்கரவண்டிக் கூலியைப் பங்கிட்டேன், மறுமுறை முழுக்கூலியையும் நானே கொடுத்தேன், அது பஸ் கட்டணத்தின் பல மடங்கு. இப்போது ரயில் கிளிநொச்சியைத் தாண்டும்போதே எங்கள் ஒழுங்கை முச்சக்கரவண்டிக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். ரயில் ஆனையிறவு வெளியைக் கடந்து பளை, மிருசுவில் என்று வந்து சேர்வதற்குள் அவரும் வரணியைத் தாண்டி வந்துவிடுவார்.