டோபர்மோரி திமிங்கல போட் டூர்: தாராளமா போகலாம்

ஸ்காட்லாந்து மல் தீவுல டோபர்மோரிலேருந்து கிளம்புற ஒரு போட் டூர், 5க்கு 4 குடுப்பேன். மிங்கி திமிங்கலம் முதுக காட்டிட்டு முங்கிடுச்சு, ஓர்கா (கொலைகாரத் திமிங்கலம்னு சொல்வாங்களே, அது) கண்ணுல படல, அதுக்கு அவங்கள கொறை சொல்ல முடியாது, அந்தப் பக்கத்து கூட்டத்துல ஜான் கோ, அக்வாரியஸ்னு ரெண்டு ஆண் மட்டும்தான் இப்போ தெரியுதாம், கண்காணிக்க ஆரம்பிச்சதுலேருந்து ஒரு குட்டி கூட யாரும் பாக்கல.

கைடு பொண்ணு சொன்ன லுலு கதைதாங்க ஹைலைட்டு. 2016 ஜனவரில டைரீ தீவுல செத்து ஒதுங்குன அதே கூட்டத்து பெண் ஓர்கா, நண்டு புடிக்கிற கூண்டுக் கயித்துல சிக்கித்தான் செத்துருக்கு, ஆனா கொழுப்ப டெஸ்ட் பண்ணா கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபிங்கிற நச்சு ரசாயனம்! 9 தாண்டுனாலே பாதிப்புன்னு கணக்கு. 20 வயசாச்சு, குட்டியே போட்டதில்ல. இந்த பிசிபி பழைய டிரான்ஸ்பார்மர் ஆயில்ல இருந்த சரக்கு, பிரிட்டன்ல 1981லயே தடை, இன்னும் மீன், சீல்னு ஏறி ஏறி இதுங்க கொழுப்புல போய் உக்காருது.

மைக்தான் படு மோசம், கரகரன்னு, பின் சீட்டுல பாதி கேக்காது. டீயும் வெறும் தண்ணி. முன்னாடி எடம் புடிங்க, ரெயின்கோட் மறக்காதீங்க.